முதல் காசு எதற்கு?
“இயந்திரம் வாங்க நிதி கொடுத்தால் கண்ணிவெடி அகற்றும் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்” என்று ஒரு கட்டுரை சொல்வது சமவெளிக்கு மட்டும்தான் பொருந்தும். சங்கிலியால் தரையை அடித்து வெடியை அழித்துப்போகும் அந்த வண்டி வயல் வரப்பிலும் ரப்பர் தோட்டச் சரிவிலும் மழைக்காலச் சேற்றிலும் திணறிவிடும், அடித்த இடத்தையும் ஆள் மறுபடி சோதித்தே ஆகவேண்டும். எங்கள் பர்மாவில் புதைக்கப்படும் எம்எம்6, அமெரிக்க எம்14 கண்ணிவெடி மாதிரியான பிளாஸ்டிக் வெடி. உள்ளே உலோகம் ஊசிமுனை அளவுதான். அதைப் பிடிக்க உலோகம் கண்டறியும் கருவியைக் கூர்மையாக வைத்தால் செம்புரை மண்ணின் இரும்புக்கும் பழைய ஆணிக்கும் சும்மா சும்மா கத்தும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்த இடத்தில் அடையாளம் போட்டு, மேலிருந்து அழுத்தாமல் பக்கவாட்டில் தோண்டணும். நாள் போவது அங்கேதான். யாழ்ப்பாண மணலில் ரேக்கால் மண்ணை வாரி வெடியை எடுத்ததுபோல் இந்த இறுகிய மண்ணில் நடக்காது. முதல் காசு, ஊராரிடம் விசாரித்துச் சந்தேகமில்லாத நிலத்தைக் கழித்துவிடும் கணக்கெடுப்புக்குப் போகட்டும், வண்டி அப்புறம்.