கூடம் மூடியது, லாரி ஓடியது

அமெரிக்காவில் மிச்சமிருந்த மூன்று குதிரை இறைச்சிக்கூடங்களும் 2007-இல் மூடப்பட்டன. டெக்சாஸில் இரண்டு, இல்லினாய்ஸில் ஒன்று. மாநிலச் சட்டங்கள் ஒருபக்கம். இறைச்சி ஆய்வாளர் சம்பளத்துக்குப் பணம் தர மாட்டோம் என்ற காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) மறுபக்கம். குதிரைகள் தப்பின என்று பலர் கொண்டாடினார்கள். எங்கே தப்பின? 2010-இல் மட்டும் கிட்டத்தட்ட 1,38,000 குதிரைகள் வெட்டுக்காகக் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் போயின. மூடுவதற்கு முன் உள்நாட்டில் வெட்டப்பட்டதும் ஏறக்குறைய இதே அளவுதான். அரசுத் தணிக்கை அலுவலகம் 2011-இல் கொடுத்த கணக்கு இது.

கூடியது தூரம்தான். ஏற்றுமுன் 6 மணி நேரம் தீனி, தண்ணீர், ஓய்வு; அதன்பின் 28 மணி நேரம் வரை எதுவும் தராமல் ஓட்டலாம் என்கிறது அமெரிக்க விதி. பழக்கமில்லாத குதிரைகளை நெருக்கி ஏற்றினால் கடியும் உதையும்தான். ஒன்று விழுந்தால் எழ இடமிருக்காது. எல்லை தாண்டிய பிறகு அமெரிக்க விதிக்கு அங்கே வேலையில்லை.

வெட்டுமிடத்திலும் மாட்டுக்கணக்கு குதிரைக்குச் சரிவராது. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் காதடிக்குக் கோடு இழுத்தால், இரண்டும் வெட்டும் புள்ளிக்குச் சற்று மேலே ஆணித் துப்பாக்கியை (வெட்டுமுன் நினைவிழக்கச் செய்யும் கருவி) வைக்க வேண்டும். மாட்டுக்குக் கட்டிய பெட்டியில் நிறுத்தினால் குதிரை மிரண்டு தலையை வீசும். தரை வழுக்கினால் சொல்லவே வேண்டாம். குறி தப்பும். அரைமயக்கத்தில் இரண்டாவது அடி.

அப்படியானால் கூடத்தைத் திறந்துவிடலாமா? திறக்கச் சொல்பவர்கள் ஃபினைல்பியூட்டசோனைப் பற்றி வாய் திறப்பதில்லை. பந்தயக் குதிரைக்குச் சர்வசாதாரணமாகக் கொடுக்கும் மூட்டுவலி மருந்து. மனிதர் உடலுக்குள் போனால் அரிதாக எலும்பு மஜ்ஜையையே முடக்கும். ஐரோப்பாவில் ஒருமுறை கொடுத்தாலே குதிரையின் பாஸ்போர்ட்டில் (அடையாள ஏட்டில்) ‘உணவுக்கு ஆகாது’ என்று எழுதியாக வேண்டும், ஆயுளுக்கும் அதுதான். அமெரிக்கக் குதிரைக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. ஏலத்தில் அடிமாட்டு விலைக்குக் கைமாறியதன் மருந்துக் கதை யாருக்குத் தெரியும்? 2014 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் மெக்சிகோவிலிருந்து வரும் குதிரை இறைச்சியை நிறுத்த முடிவெடுத்தது இதனால்தான்.

 

வெட்டுக்கு அனுப்பாமல் ஊசி போட்டுக் கொல்வதும் மலிவில்லை. 500 கிலோ குதிரைக்குச் சுமார் 100 மில்லி பென்டோபார்பிட்டால் என்ற மயக்க மருந்து வேண்டும். அந்த உடலைத் தின்னும் கழுகும் நாயும்கூடச் சாகலாம். ஆழப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்துதான் பல உரிமையாளர்கள் வெட்டு வியாபாரிகள் வாங்கும் ஏலத்துக்கு ஓட்டிவருகிறார்கள். குட்டியைப் பதிவு செய்யும் அன்றே வளர்ப்பவரிடம் அந்தத் தொகையைப் பிடித்து வையுங்கள், வெட்டு லாரியை எல்லையிலேயே மறியுங்கள். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும்.