ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் காப்பீடா?

70 வயது ஆன எல்லோருக்கும் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை இலவச சிகிச்சை, வருமானம் பார்க்க மாட்டோம் என்று சொல்லி 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையைத் தொடங்கியது. நல்ல விஷயம்தான், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஏன் 70? 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 60 வயது ஆனாலே மூத்த குடிமகன் என்றுதானே எழுதி வைத்திருக்கிறீர்கள்? அந்தப் பத்து வருடம் யார் பொறுப்பு? வேலையை விட்டு அனுப்புவது 58-லும் 60-லும். கம்பெனி கொடுத்த குரூப் இன்சூரன்ஸும் பெரும்பாலும் அன்றோடு முடிந்துவிடும். சர்க்கரை கண்ணையும் கிட்னியையும் பதம் பார்க்கிறது, முட்டி தேய்கிறது, நெஞ்சு அடைக்கிறது, எல்லாம் அந்த வயதில்தான். சம்பளமும் இல்லாமல் காப்பீடும் இல்லாமல் மனுஷன் நிற்கும் காலம் அது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதற்கு வயது வரம்பும் கிடையாது. ஆனால் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் பத்தாயிரம். சின்ன பென்ஷனோடு ஒரு போர்ஷன் வாடகையும் வந்தால் அந்தக் கணக்கைத் தாண்டிவிடும், கிழவனும் கிழவியும் வெளியே. ஏழையும் இல்லை, ஐந்து லட்சம் பில்லைக் கட்டும் வசதியும் இல்லை, இப்படி நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் எத்தனை!

சரி, தனியாரிடம் போகலாமா? 65 வயதுக்கு மேல் புதிதாக பாலிசி கிடையாது என்ற தடை 2024 ஏப்ரலில் போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் அம்மாவுக்காக விசாரித்தபோது சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது என்று சொன்னதுமே அந்த ஏஜெண்டின் குரல் மாறிவிட்டது. பிரீமியம் எகிறியது, இருக்கிற நோய்க்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்றார். எந்த நோய்க்காகப் பயந்து பாலிசி எடுக்கப் போகிறோமோ அதற்கே மூன்று வருடம் எதுவும் கிடையாது என்றால் அறுபத்தைந்து தாண்டியவர் என்ன செய்வார்?

இதையெல்லாம் விட எனக்கு வயிறு எரிவது வேறு ஒரு விஷயத்துக்கு. அட்டை கையில் இருப்பவருக்கும்கூட அது உதவுவது ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான். வயதானவர்களின் செலவு வார்டிலா இருக்கிறது? மாதாமாதம் மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. லேப்பில் இருக்கிறது. டாக்டர் ஃபீஸில், ஆட்டோவில் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மடித்து மடித்துக் கிழியப் போகிற சீட்டை நீட்டி, "தம்பி, இதுல எது ரொம்ப முக்கியம்? அதை மட்டும் பத்து நாளைக்குக் கொடு" என்று ஒரு பெரியவர் கேட்பார். கடைக்காரர் கத்திரிக்கோலால் மாத்திரை அட்டையை வெட்டி ஐந்து ஐந்தாகக் கொடுப்பார். எந்த மாத்திரை முக்கியம் என்று முடிவு செய்வது டாக்டர் இல்லை, அந்தப் பெரியவரின் சட்டைப் பையில் இருக்கிற காசு.

இதில் அரசுக்காவது லாபம் இருக்கிறதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. ஒருவருக்கு மாரடைப்பு வந்து திட்டத்தில் இலவசமாக, ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு 15 நாள் வரைக்கும்தான் மருந்து அந்த பேக்கேஜில் வரும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை அவர் மாதக்கணக்கில், பெரும்பாலும் ஒரு வருடம் வரை, விடாமல் போட வேண்டும். பதினாறாவது நாளில் இருந்து அது அவர் தலையில். காசில்லாமல் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கலாம், திரும்பவும் ஐசியு, திரும்பவும் அதே திட்டத்தில் இருந்து பெரிய தொகை. மாத்திரைக்குக் கொடுக்க மனசு வராது, வீடு முழுக்க எரிந்த பிறகு தண்ணி லாரி அனுப்ப மட்டும் பணம் இருக்குமா? பக்கவாதம் வந்தவர்களுக்கும் இதே கதைதான். உயிரைக் காப்பாற்றி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் மாதக்கணக்கில் பிசியோதெரபிக்கு ஆள் வைக்க முடியாமல், எழுந்து நடந்திருக்க வேண்டியவர் கட்டிலிலேயே கிடப்பார். யாரைக் கேட்டாலும் "அது திட்டத்துல வராதுங்க".

அந்த 5 லட்சமும் ஆளுக்கு இல்லை. கணவன், மனைவி இரண்டு பேரும் 70 தாண்டியவர்கள் என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். அவருக்குப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிற வருடத்தில் இவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்ளக் கூடாதா? ஒருவர் சிகிச்சைக்காக இன்னொருவர் வலியைப் பொறுத்துக்கொள்வது நம் வீடுகளில் ஏற்கெனவே நடக்கிற கொடுமை, அதைத் திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டுமா?

அட்டை வாங்குவது இன்னொரு பாடு. ஆதார் கேஒய்சி, அதாவது ஆதாரை வைத்து ஆள் இவர்தான் என்று சரிபார்ப்பது, வேண்டும். வாழ்நாள் முழுக்கக் களை வெட்டி, துணி துவைத்துத் தேய்ந்த விரலில் ரேகை எங்கே விழும்? ஓடிபி வரும் நம்பர், மகன் எப்போதோ மாற்றிவிட்ட பழைய நம்பராக இருக்கும். கையைத் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்லி, கடைசியில் "நாளைக்கு வாங்க பாட்டி" என்று அனுப்பினால் அந்தப் பாட்டி நாளைக்கு யாரைத் துணைக்குக் கூட்டி வரும்? பஸ்ஸுக்குக் காசு? இந்திரா காந்தி முதியோர் பென்ஷனில் 80 வயதுக்குள் இருப்பவருக்கு மத்திய அரசின் பங்கு இன்றைக்கும் மாதம் 200 ரூபாய்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

முடியாத விஷயத்தை நான் கேட்கவில்லை. 2021-ல் தமிழ்நாடு அரசு ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இரண்டு நோய்க்குச் செய்ய முடிந்ததை இதய மாத்திரைக்கும், வலிப்பு மாத்திரைக்கும், வருடாந்திர டெஸ்ட்டுகளுக்கும் ஏன் செய்யக்கூடாது? காப்பீட்டுப் பணத்தில் ஒரு பங்கை வெளிநோயாளிச் செலவுக்கு ஒதுக்குங்கள், வயதை 60 ஆக்குங்கள், அட்டை போட எழுந்து வர முடியாதவரின் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். ஓட்டுச் சாவடிக்கு வர முடியாத 85 வயதுக்காரரின் வீட்டுக்குத் தேர்தல் நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற அதே அரசு ஊழியர்கள் இதற்கும் வரலாம், வழி தெரியாமல் இல்லை.