என் லேப்டாப்பில் நல்லாத்தானே ஓடுச்சு!

வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம். பேச வந்தவர் அதன் மேல் கிளிக் செய்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் அழுத்தினால் அடுத்த ஸ்லைடுக்குத் தாவிவிடுகிறது. பின்னால் வந்து மறுபடி அழுத்துகிறார். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்" என்கிறார் ஒருவர். கேபிளைக் கழற்றி மாட்டச் சொல்ல இன்னொருவர் இருப்பார். கடைசியில் அந்த மனிதர் வீடியோவில் என்னென்ன வரும் என்று கையை ஆட்டி ஆட்டி வாயாலேயே சொல்லி முடிக்கிறார். நடுவே அந்தப் பொன்னான வசனமும் வந்துவிடும்: "என் லேப்டாப்பில் நல்லாத்தானே ஓடுச்சு!"

ஓடியிருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கோபமே அங்கேதான். பிரசன்டேஷன் என்பதே இன்னொரு அறையில், இன்னொருவர் கணினியில் போட்டுக் காட்டுவதற்காகச் செய்கிற சமாச்சாரம். அந்த ஒரு வேலைக்கென்றே எழுதப்பட்ட பவர்பாயின்ட் மாதிரி மென்பொருள், ஃபைல் பிறந்த கணினியை விட்டு ஓரடி நகராது என்கிற நினைப்பில் நடந்துகொண்டால் எரிச்சல் வருமா வராதா?

முதலில் இந்த லிங்க் கூத்து. பவர்பாயின்ட் 2007 வரை, ஸ்லைடில் வீடியோவைச் சேர்த்தால் வீடியோ உள்ளே போகாது. அது எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்ற விவரம் மட்டும்தான் போகும். ஃபைலை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போனால் கதை முடிந்தது. 2010 பதிப்பில் வீடியோவை ஃபைலுக்குள்ளேயே வைக்கும் வழி வந்தது. சரி, தொல்லை விட்டது என்று பார்த்தால், இன்செர்ட் பொத்தானின் ஓரத்தில் ஒரு பொடி அம்புக்குறி. அதற்குள் 'லிங்க் டு ஃபைல்' பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. இருக்கட்டும், பெரிய வீடியோக்களுக்கு அது தேவைதான். ஆனால் இரண்டு விதமாகச் சேர்த்ததும் ஸ்லைடில் ஒரே மாதிரி தெரிகிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எது உள்ளே இருக்கிறது, எது வெளியே இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல வழியில்லை. ஃபைல் மெனுவில் 'இன்ஃபோ' பக்கத்துக்குப் போய், வலது ஓரத்தில் அடியில் 'எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்' என்று ஏதாவது தென்படுகிறதா என்று தேட வேண்டும்.

நான் அதைக்கூட நம்புவதில்லை. பவர்பாயின்ட் சேமிக்கிற பிபிடிஎக்ஸ் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் ஃபைல், அதாவது பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிய பொட்டலம். அதை ஒரு காப்பி எடுத்து, பெயரின் கடைசியில் உள்ளதை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே 'பிபிடி' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'மீடியா' என்று ஒரு ஃபோல்டர். வீடியோ அங்கே இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. கூடவே வருகிறதா என்று தெரிந்துகொள்ள ஃபைலின் வயிற்றைக் கிழித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது!

சரி, உள்ளே இருக்கிறது. ஓடுமா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. வீடியோ ஃபைல் பெயரின் கடைசியில் வருகிற எம்.பி.4, எம்.ஓ.வி. எல்லாம் வெறும் டப்பாக்கள். உள்ளே படத்தை எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறது என்பதுதான் விஷயம். ஒரே டப்பாவுக்குள் எச்.264 இருக்கலாம், எச்.இ.வி.சி. இருக்கலாம். 2017-இல் ஐஓஎஸ் 11 வந்தது முதல், ஐபோனில் 'ஹை எஃபிஷியன்சி' என்று வைத்திருந்தால் வீடியோ எச்.இ.வி.சி.யாகத்தான் பதிவாகிறது. இடம் மிச்சம், தரமும் அருமை. ஆனால் எச்.இ.வி.சி. டிகோடர், அதாவது அந்தச் சுருக்கத்தைப் பிரித்துக் காட்டும் நிரல், இல்லாத விண்டோஸ் கணினிக்கு அது போனால் குரல் வரும், படம் வராது. அல்லது இரண்டுமே வராது. "விஎல்சியில் ஓடுதே" என்று சண்டைக்கு வருவார்கள். விஎல்சி என்கிற அந்த வீடியோ பிளேயர் தனக்கு வேண்டிய டிகோடர்களைத் தானே சுமந்து வருகிறது. பவர்பாயின்ட் கணினியில் இருப்பதை நம்பிப் பிழைக்கிறது. எச்.264 வீடியோவும் ஏஏசி ஒலியும் உள்ள எம்.பி.4-தான் நல்லது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. எங்கே சொல்கிறது? யாரும் எட்டிப் பார்க்காத உதவிப் பக்கத்தில். வீடியோவைச் சேர்க்கிற அந்த நொடியில் "இது வேறு கணினியில் ஓடாமல் போகலாம்" என்று ஒரு வரி காட்டினால் குடியா முழுகிப்போகும்?

இதைவிட வயிற்றெரிச்சல் இந்த 'டிரிம்'. முழு மீட்டிங் ரெக்கார்டிங்கை ஸ்லைடில் போட்டு, அரை நிமிடம் மட்டும் தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் இழுத்துவிடுகிறோம். மீதி போய்விட்டது என்றுதானே எவரும் நினைப்பார்கள்? போகவில்லை. எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று குறித்து மட்டும் வைத்திருக்கிறது. 'கம்ப்ரஸ் மீடியா' கொடுத்துச் சேமிக்கும்வரை முழு ரெக்கார்டிங்கும் உள்ளேயே கிடக்கும். ஃபைல் ஏன் யானைக் கனம் கனக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். கனம்கூடப் பரவாயில்லை. எனக்கு ஒருமுறை வந்த ஃபைலில், சும்மா டிரிம் பச்சைக் கோட்டை இடது பக்கம் இழுத்துப் பார்த்தேன். மீட்டிங் தொடங்குவதற்கு முன்னால் நாலு பேர் உட்கார்ந்து, யாருக்காக அந்த ஸ்லைடைச் செய்தார்களோ அவரையே கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, ஃபைல் அவருக்குப் போவதற்கு முன் எனக்கு வந்தது. 'வெட்டு' என்று சொன்னால் வெட்ட வேண்டாமா? திரை போட்டு மூடிவிட்டு வெட்டிவிட்டதாகக் காட்டுவது என்ன நியாயம்?

அப்புறம் அனுப்புகிற படலம். ஜிமெயிலில் 25 மெகாபைட்தான் எல்லை. அதுவும் முழுசாகக் கிடைக்காது, மெயிலில் போகிறபோது இணைப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டு மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும். சரி, கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பலாம் என்றால், "எனக்கு அனுமதி இல்லைன்னு வருது" என்று பதில் வரும். கூகுள் ஸ்லைட்ஸில் இதற்கும் மேலே ஒரு வேடிக்கை: ஸ்லைடைப் பார்க்க அனுமதி கொடுத்தால் போதாது, அதற்குள் இருக்கும் டிரைவ் வீடியோவுக்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்தால், செய்தவருக்கு ஓடும், பார்ப்பவருக்கு ஓடாது. செய்தவருக்கு அது கடைசிவரை தெரியவே தெரியாது. நடுவில் ஒரு மேதாவி "பிடிஎஃப்பா அனுப்பிடுங்களேன்" என்பார். பிடிஎஃப்பில் வீடியோ ஒரு அசையாத படமாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு "வீடியோ எங்கே?" என்று கேட்பவரும் அவரேதான்.

முழு பிரசன்டேஷனையும் வீடியோவாக ஏற்றுமதி செய்யலாம், உண்மைதான். எங்கே போட்டாலும் ஓடும். ஆனால் நேரம் குறிக்காத ஸ்லைடுக்கு ஐந்து விநாடி என்று அதுவாகவே வைத்துக்கொண்டு தடதடவென்று ஓடும். நாம் அதன் பின்னாலேயே மூச்சு வாங்கப் பேசிக்கொண்டு ஓட வேண்டும்.

இவ்வளவுக்கும் இது முடியாத காரியம் இல்லை. எழுத்துப் பிழைக்குச் சிவப்புக் கோடு போடத் தெரிகிறது. கேட்காமலே பக்கத்தில் ஒரு பட்டையைத் திறந்து டிசைன் ஐடியா கொடுக்கத் தெரிகிறது. ஏழாவது ஸ்லைடில் உள்ள வீடியோ வெளியே கிடக்கிறது, பன்னிரண்டாவதில் உள்ளது வேறு கணினியில் ஓடாது, பதினைந்தாவதில் வெட்டியதாக நினைத்தது இன்னும் உள்ளேயே இருக்கிறது என்று சேமிக்கிற நேரத்தில் சொல்லத் தெரியாதா? வேறு கணினியிலும் ஓடுகிற மாதிரி வீடியோவைச் சரிசெய்ய 'ஆப்டிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' என்று ஒன்று இருக்கிறது, மறுக்கவில்லை. அதுவும் அதே 'இன்ஃபோ' பக்கத்தில், நாமாகத் தேடிப் போனால்தான் கண்ணில் படும். சேவ் பொத்தானை அழுத்துகிற எவன் அங்கே போகிறான்?

இவர்கள் திருந்துகிற வரை நான் வீடியோவை எச்.264-க்கு மாற்றி, தேவையில்லாததை வெளியிலேயே வெட்டி எறிந்துவிட்டுத்தான் ஸ்லைடில் சேர்ப்பேன். அதே வீடியோவைத் தனி ஃபைலாகவும் கூடவே ஃபோல்டரில் போட்டுத்தான் அனுப்புவேன். "எதுக்கு ஒண்ணையே ரெண்டு தடவை அனுப்பியிருக்கீங்க?" என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.