மாத்தூர் தொட்டிப்பாலத்தில் பம்பு நிலையம் இருந்ததா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கால்வாய் நீரை ஆற்றுக்கு மேலே கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப்பாலம், திருவிதாங்கூர் மகாராஜா சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது என்றும், நீராவி பம்பு நிலையம் ஆற்றுநீரை மேலேற்றியது என்றும் ஒரு செய்தி மார்த்தாண்டம், களியக்காவிளைப் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இரண்டுமே தவறு.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தமிழகத்துடன் இணைந்து ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்து, 1966-இல் கட்டப்பட்ட கான்கிரீட் பாலம் இது. மன்னர் காலத்தில், 1906-இல், கட்டி முடிக்கப்பட்டது பேச்சிப்பாறை அணை; இரண்டையும் யாரோ குழப்பிவிட்டார்கள் போலும்.

பம்புக்கு இங்கே வேலையே இல்லை. பட்டணங்கால் கால்வாய் ஒரு குன்றின் உயரத்திலேயே வந்து, எதிர்க்குன்றை அடையப் பரளியாற்றுப் பள்ளத்தைக் கடக்க வேண்டியிருந்ததால், 28 தூண்கள்மேல் தொட்டி கட்டி, சரிவின் விசையிலேயே நீரை ஓடவிட்டார்கள். கீழே ஓடும் பரளியாற்றின் நீர் இதில் ஏறுவதே இல்லை. மிக உயரமான தூண் 115 அடி. தொட்டியோ ஏழடி ஆழமும் ஏழரை அடி அகலமும் மட்டுமே. மேலே நடந்தவர்கள், மூடுபலகைகளின் இடைவெளியில் நீர் சத்தமின்றி நகர்வதைப் பார்த்திருப்பார்கள். நீராவி பம்பு நிலையமென்றால் கொதிகலன் அறையும் புகைபோக்கியும் வேண்டும். தொட்டிக்கு அவை எதற்கு?

கட்டிய ஆண்டை மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், அருள்கூர்ந்து மேலும் பகிராதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.