குழுவில் போட்டுவிட்டால் சொன்னதாகிவிடுமா?

கடந்த திங்கட்கிழமை பள்ளி திறந்த அன்று பக்கவாயிலில் என்ன நடந்தது என்பதும், அதன்பின் பெற்றோர் புலனக்குழுவில் (வாட்ஸ்அப் குழுவில்) யார் யாருக்கு என்ன பதில் எழுதினார்கள் என்பதும் இதைப் படிக்கும் பெரும்பாலோருக்குத் தெரியும். திரைப்பிடிப்பு அன்று மாலைக்குள் நம் கத்தோலிக்கப் பங்கின் எல்லா அன்பியக் குழுக்களையும், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு குழுக்களையும், சுற்றி வந்துவிட்டது. திருச்சபை நிலத்தில் நிற்கும் அந்தப் பள்ளியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். முதலாம் ஆண்டுப் பிள்ளை எந்த வாயில் வழியாக வெளியே வருவாள் என்பதை, பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு பத்தே முக்கால் மணிக்கு ஒரு படமாகக் குழுவில் போட்டுவிட்டால், பெற்றோருக்குச் சொன்னதாகிவிடுமா?

அந்தப் பிள்ளையின் தாய், மலேசியாவின் பினாங்குத் தீவில் நாம் வாழும் இந்த ஊரின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்ப்பவர். உற்பத்திக் கூடத்துக்குள் கைப்பேசி கொண்டுபோக அவருக்கு அனுமதியில்லை; பெட்டகத்தில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலையில் வெளியே வந்து அவர் குழுவைத் திறந்தபோது, அந்த ஒரு படத்தின்மேல் 'நன்றி டீச்சர்' என்ற செய்திகளும், கூப்பிய கைகளும், பூங்கொத்துகளும், யாரோ அனுப்பிய காலை வணக்கப் படமும் குவிந்து கிடந்தன. பாட்டிக்கோ புலனமே கிடையாது. அறிமுக நாளில் தலைமையாசிரியை மேடையில் நின்று சொன்னபடி, பேத்தியை அழைத்துப்போக முன்வாயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளை பக்கவாயிலில் பாதுகாவலரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் அழுதுகொண்டிருந்தாள். இரண்டு வாயில்களுக்கும் இடையே ஒரு கட்டடம்தான் இருக்கிறது.

அன்று மாலை அந்தத் தாய் குழுவில் கேட்டது மிகப் பணிவான கேள்வி. 'இதைக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே' என்பதற்குமேல் அவர் ஒரு சொல் எழுதவில்லை. அதற்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர் ஒருவர், அறிவிப்புகளைப் படிப்பது பெற்றோரின் கடமை என்று எழுதி, அடியில் ஒரு சிரிப்பு முகத்தையும் வைத்தார். அடுத்த சில நிமிடங்களில் நிர்வாகிகள் மட்டுமே எழுதக்கூடியதாகக் குழு மாற்றப்பட்டது. ஒருவர் கேள்வி கேட்டதற்காக இருநூறு பேரின் வாயை அடைத்துவிட்டு, அதற்குப் 'பெற்றோர் தொடர்புக் குழு' என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

ஆசிரியர்களுக்கு வேலைப்பளு அதிகம் என்று உடனே சொல்வார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. பள்ளி திறக்கும் வாரத்தில் வகுப்புப் பெயர்ப்பட்டியல், பாடநூல் இரவல் திட்டத்துப் புத்தகங்கள், காலை உணவுத் திட்டத்துப் பெயர்கள், சிற்றுண்டிச்சாலையில் காசு கொடுத்து வாங்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுப்பது என்று அவர்கள் படும் பாட்டை நானும் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் வாயிலை மாற்றியது வகுப்பாசிரியை அல்லர்; வேலைப்பளு என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறவர்களும் வகுப்பாசிரியைகள் அல்லர். கோவிட்டுக்குப் பிறகு பள்ளியாண்டு மார்ச்சு மாதத்துக்குத் தள்ளிப்போய், 2025-இல் பிப்ரவரிக்கு நகர்ந்து, 2026-இல் ஜனவரி 12 அன்று பழையபடி ஆண்டுத் தொடக்கத்துக்கே திரும்பியிருக்கிறது. இந்தத் தேதியைக் கல்வி அமைச்சு நேற்று முளைத்ததுபோல் அறிவிக்கவில்லை. எத்தனையோ மாதங்களுக்கு முன்பே அறிவித்துவிட்டது. ஆண்டு எப்போது திறக்கும் என்று தெரிந்திருந்த நிர்வாகத்துக்கு, எந்த வாயில் திறக்கும் என்பது மட்டும் முந்தின இரவு வரை தெரியாமல் போனது எப்படி?

இன்னொன்றையும் யாராவது எனக்கு விளக்க வேண்டும். அறிமுக நாளில் ஒவ்வொரு பெற்றோரிடமும் அவசரத் தொடர்பு எண் கேட்டு ஒரு படிவம் வாங்கினார்கள். அந்தத் தாய் தம் எண்ணுக்குக் கீழே வீட்டுத் தொலைபேசி எண்ணையும் எழுதி, பகலில் பாட்டிதான் வருவார் என்றும் குறித்துக் கொடுத்திருக்கிறார். அவர் எழுதும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை அழுதுகொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தில் அந்தப் படிவத்தை ஒருவரும் கோப்பிலிருந்து எடுக்கவில்லை. எடுத்திருந்தால், பகலில் வருவது பாட்டி என்பது தெரிந்திருக்கும்; முன்வாயிலில் நிற்கும் கிழவி யாரென்று ஒருவராவது போய்க் கேட்டிருப்பார். கோப்புக்குள் உறங்குவதற்காகவா நம்மிடம் படிவம் வாங்குகிறார்கள்?

நான் எண்பதுகளில் பட்டர்வொர்த்தில் ஒரு கான்வென்டில் படித்தவள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறெதுவும் எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளியிலிருந்து வரும் கடிதங்கள் மை மணக்கும் சுழலச்சுத் தாளில் இருக்கும். அடியில் புள்ளிக்கோடு ஒன்றும், அதற்குக் கீழே பெற்றோர் கையெழுத்திட்டு வெட்டித் திருப்பி அனுப்ப வேண்டிய சீட்டும் இருக்கும். மேலே எழுதியிருப்பதை அக்காள் படித்துச் சொல்ல, அம்மா தமிழில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டு திரும்பி வராத பிள்ளைகளின் பெயர்களை ஆசிரியை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பார். ஒருமுறை என் சீட்டு புத்தகப் பைக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, தலைமையாசிரியையாக இருந்த கன்னியர் கோயில் படிக்கட்டில் அம்மாவை நிறுத்தி, தமக்குத் தெரிந்த கொச்சைத் தமிழில், 'கடிதம் வந்ததா, படித்துச் சொன்னார்களா' என்று கேட்டார். அம்மாவுக்கு ஒரே வெட்கம். எனக்கு வீட்டில் நல்ல பூசை கிடைத்தது என்பது வேறு கதை. ஆனால் அம்மா அந்தக் கன்னியரைப் பற்றிச் சாகும்வரை பேசினார். செய்தி போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதைத் தம் வேலையாக அவர் நினைத்தார். இன்று இரண்டு நீலக்குறி விழுந்துவிட்டால் கடமை முடிந்துவிடுகிறது. சிலருக்கு அந்த நீலக்குறிகூடத் தேவைப்படுவதில்லை.

'அந்தக் காலத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், இப்போது யார் தாள் அனுப்புவார்கள்' என்று கேட்கப்போகிறவர்களுக்கு ஒரு தகவல். பள்ளித் தொடக்க உதவித்தொகையான 150 ரிங்கிட்டை 2023 முதல் வருமான வேறுபாடு பாராமல் எல்லா மாணவர்களுக்கும் தருகிறார்கள். அதைத் தரும் நாளில் எங்கள் பள்ளி பெற்றோரைப் பெயர் சொல்லி அழைத்து, அடையாள அட்டையைப் பார்த்து, தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறது. கணக்குக் காட்ட வேண்டிய பணம் என்றால் தாள் கிடைக்கிறது, பேனா கிடைக்கிறது, நேரமும் கிடைக்கிறது. ஆறு வயது முடிந்த பிள்ளையை யார் கையில் ஒப்படைப்பது என்பதற்கு மட்டும் கைப்பேசியில் ஒரு படம் போதும்.

இதில் திருச்சபையை ஏன் இழுக்கிறீர்கள், அது அரசாங்க உதவிபெறும் பள்ளிதானே, தலைமையாசிரியரை அனுப்புவதும் சம்பளம் கொடுப்பதும் அமைச்சு அல்லவா என்று பங்குப்பேரவை நண்பர் ஒருவர் நேற்றே தொலைபேசியில் கடிந்துகொண்டார். அவர் சொன்ன விவரம் சரி, நானும் அறிவேன். ஆனால் நிலம் திருச்சபையுடையது, மேலாளர் வாரியத்தில் நம்மவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், வாயில் வளைவில் புனிதரின் பெயர் இருக்கிறது. லா சால் சபைச் சகோதரர்களும் குழந்தை இயேசு சபைக் கன்னியரும் 1852-இலேயே இந்தத் தீவில் பள்ளி தொடங்கினார்கள் என்று விழா மலர்தோறும் எழுதிப் பெருமைப்படும்போது, அமைச்சு நியமித்த தலைமையாசிரியர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. பெருமைக்கு மட்டும் நம் பள்ளி. ஒரு கிழவி வெயிலில் நின்றால் அது அமைச்சின் பள்ளி.

பிடிக்கவில்லை என்றால் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பின்னூட்டமிடக் காத்திருப்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டுவருகிறேன் என்கிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: வீட்டுக்குள் பேசத்தான் அந்தத் தாய் முயன்றார். கதவைச் சாத்தியவர்கள் நீங்கள்.

எழுத எழுத எனக்கே உறைக்கிறது, என் கோபம் அந்த வாயிலோடு நின்றுவிடவில்லை. புலாவ் தீக்குஸ் பக்கம் அடுக்குமாடியில் வசிக்கும் மருத்துவர் வீட்டுப் பிள்ளை பக்கவாயிலில் அழுதுகொண்டிருந்தால், ஐந்து நிமிடத்தில் அலுவலகத்திலிருந்து அழைப்பு போயிருக்காதா? போயிருக்கும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், அந்தச் சிரிப்பு முகத்தை வைத்தவருக்கும் தெரியும். சேலை உடுத்திய ஒரு கிழவி, ஆங்கிலமும் மலாயும் தடுமாறுகிறவர், கையில் பழைய கைப்பேசிகூட இல்லாதவர் வாயிலில் நின்றால், அவர் யாரோ ஒரு வீட்டு வேலைக்காரராக இருப்பார் என்று கடந்து போய்விடுகிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான் நின்றிருப்பார்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் அல்ல. முதல் வாரத்துக்கான வாயில், நேரம், தொடர்புகொள்ள வேண்டிய ஆள் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அச்சடித்து, அடியில் கையெழுத்துச் சீட்டுடன் அறிமுக நாளிலேயே கையில் கொடுங்கள். கடைசி நேரத்தில் மாற்றம் வந்தால், முதல் நாள் மட்டுமாவது பழைய வாயிலில் ஒருவரை நிறுத்துங்கள். குழுவைத் திறந்துவிடுங்கள். அந்தப் பாட்டியிடம் யாராவது ஒருவர் நேரில் போய் வருத்தம் தெரிவியுங்கள். குழுவில் அல்ல, அவர் வீட்டில்.

இவ்வளவையும் கடிதமாக எழுதி நேற்றுக் காலை சங்கச் செயலாளரிடம் நேரில் கொடுத்துவிட்டேன். எப்போது, எப்படிப் பதில் வரும் என்று கேட்டேன். குழுவைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்றார்.