குழாய் சொல்கிற நாளும் முறை வருகிற நாளும்

போன கிழமை ஒரு கலியாண வீட்டுப் பந்தியில், பக்கத்தில் இருந்தவர் சோற்றைக் குழைத்துக்கொண்டே சொன்னார்: "உந்த வயல்காரருக்குத் தண்ணியின்ர அருமை தெரியாது." வயல்களுக்குப் பாய்கிற கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீர் குடிநீராக யாழ்ப்பாணம் வருமா வராதா என்ற கதை எழும்போதெல்லாம் இந்தப் பேச்சும் கூடவே வரும்.

எனக்குச் சித்தப்பாவின் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வெங்காயத் தோட்டம், இரணைமடுவுக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயல் அவருக்கு. தோட்டத்தில் தண்ணி மாறும்போது அவரைப் பார்க்க வேண்டும். கடைசிப் பாத்தி நிறையும்வரை பொறுக்க மாட்டார். பாதியிலேயே மெஷினை நிறுத்தச் சொல்லிச் சத்தம் போடுவார். வாய்க்காலில் கிடக்கிற தண்ணி ஓடிவந்து மீதியை நிரப்பும் என்பது அவர் கணக்கு. மண்ணெண்ணெய் காசல்லவா! அதே மனிதர் வயலில் தன் முறை வந்தால் வரம்பு முட்டக் கட்டிவைப்பார்.

நானும் ஒருநாள் வகுப்பெடுத்தேன். ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரியாக 2,500 லீற்றர் தண்ணீர் போகிறது. ஓட்டை போட்ட குழாயொன்றை வயலில் தாட்டு, உள்ளே தண்ணீர் 15 சென்றிமீற்றர் கீழே இறங்கிய பிறகு பாய்ச்சினால் 30 வீதம் வரை மிச்சம் பிடிக்கலாம் என்றேன். பொறுமையாகக் கேட்டார். "சரி தம்பி, இறங்கின அண்டைக்கு வாய்க்காலில தண்ணி வருமோ?"

நான் பேசாமல் இருந்தேன். அவருடைய வயல் வாய்க்காலின் கடைசியில். மேலே இருப்பவர்கள் எடுத்து மிஞ்சியதுதான் வந்து சேரும். அடுத்த முறை பிந்தினால் கதிர் பதராகிவிடும். போதாததற்கு, நிற்கிற தண்ணீர் களையையும் அமுக்கி வைக்கிறது. காயவிட்டால் களைநாசினிக்கு வேறு காசு. ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் போதும் என்கிறார்கள், அவர் மூன்று விதைக்கிறார். அதுவும் இதே பயம்தான். நாங்கள் தண்ணீரை எண்ணுகிறோம், அவர் காசையும் ஆபத்தையும் எண்ணுகிறார். அவருடைய கணக்கில் பிழை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

யூரியாப் பசளையை அவர் அள்ளிப் போடுவது மட்டும் வேறு கதை. வயலில் போடுகிற நைதரசனில் பாதிகூடப் பயிருக்குச் சேர்வதில்லை, காற்றோடும் தண்ணீரோடும் போகிறது. இதில் அவரை நான் விடமாட்டேன். ஆனால் 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தி, நவம்பரில் திரும்பத் திறந்துவிட்டார்கள். அதைப் பார்த்தவர் கிடைக்கும்போதே அள்ளிப் போடத்தான் நினைப்பார். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணுகிற எங்கள் தோட்டக்காரரும் பசளையில் தாராளம்தான். சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய அந்தப் பசளையின் நைத்திரேற்று வலிகாமத்துக் கிணறுகளில் இருக்கிறது. பந்தியில் இதைப்பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எந்தத் திகதியில் எவ்வளவு தண்ணீர் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி கடைசி வயல்வரை விட்டால், சிக்கனத்தைப் பற்றி அவர்களோடு பேசலாம். அதற்கு முதல் பேசுவது பந்திப் பேச்சு.

வருகிற சிறுபோகத்துக்குக் குழாயைப் பரீட்சித்துப் பார்க்கச் சித்தப்பா கால் ஏக்கர் தருகிறாராம். நெல் குறைந்தால் குறைந்த மூடைக்கு நான்தான் காசு தரவேண்டுமாம்.