ஒருவருமே வாழாத 72 நிமிடம்

இலங்கையின் முதலாவது தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு 2017இல் நடந்தது. ஆர், எந்நேரம், என்ன செய்தார் என்ற நாட்குறிப்புத்தான் இப்படியான ஆய்வுகளின் உயிர். சனத்தின் கைக்கு வருவதோ பிடிஎப்புக்குள் கிடக்கிற சராசரி அட்டவணை. அதை ஒரு கலர் வட்டப்படமாக்கிப் போட்டால் தரவு மக்களிடம் போய்விட்டது எண்டு சொல்ல ஏலாது.

பத்துப் பேரில் இரண்டு பேர் ஆறு மணித்தியாலம் மீன்பிடித் தொழிலுக்குக் கடலில் நிக்கினம் எண்டு வையுங்கோ. ஆளுக்குச் சராசரி 72 நிமிடம். அப்படி 72 நிமிடம் தொழில் செய்தவர் அந்தப் பத்துப் பேரில் ஒருத்தருமில்லை. ஈடுபட்டோர் 20 வீதம், அவர்களின் சராசரி 6 மணித்தியாலம் என்ற இரண்டையும் பக்கத்தில் போடாத படம் ஆளை ஏய்க்கிற படம்.

நாளை 15 நிமிடத் துண்டுகளாக வெட்டினால் 96 நிரல் வரும். ஒவ்வொரு நிரலிலும் எத்தனை வீதமானோர் எதில் நின்றார்கள் என்பதை நிறையிட்டு (ஒவ்வொரு நாட்குறிப்பும் எத்தனை பேருக்காக நிக்குது எண்டு பார்த்து) கணக்கிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கோ. கிழமைநாளுக்கும் சனி ஞாயிறுக்கும் நிறை 5:2 என்ற விகிதத்தில் இருக்கவேணும். எந்த நிரலும் கூட்டினால் 100 வரவேணும். வராவிட்டால் நாட்குறிப்பில் ஓட்டை இருக்கு. சமைச்சுக்கொண்டே பிள்ளையைப் பார்ப்பதையும் இதற்குள் சேர்த்தால் 100ஐத் தாண்டும். அதைக் கீழே தனிப் பட்டையாகக் கீறுங்கோ.

ஆக்கள் நேரத்தைச் செலவிடுகிற செயல்களைப் பிரிக்கிற சர்வதேச வகைப்பாட்டில் (ஐகாட்டஸ் 2016) ஒன்பது பெரும் பிரிவு. போன் திரையில் ஒன்பது நிறம் கண்ணைக் குத்தும், குறைக்கத்தான் வேணும். ஆனால் இரண்டாம் பிரிவில் கை வைக்காதேங்கோ. வீட்டுத் தேவைக்குத் தண்ணி கொண்டுவருவது, விறகு பொறுக்குவது, வளவில் மரக்கறி வைப்பது எல்லாம் அங்கதான் இருக்கு. அதை "மற்றவை"க்குள் தள்ளினால் எங்கட பெண்களின் உழைப்பில் ஒரு பங்கு படத்தில் இராது.

படத்தின் நேரக் கோடு அதிகாலை 4 மணிக்குத் தொடங்குவது பொது வழமை. இரவில் கடல் தொழிலுக்குப் போறவையின்ர வேலை நேரத்தை அது நடுவால் வெட்டும். கரையோர ஊர்களுக்கு நடுப்பகலில் இருந்து நடுப்பகல் வரை கீறுவதுதான் சரி.

படம் கீறப் பாவிக்கிற பைதன் மென்பொருளான மேட்ப்ளாட்லிப்பில் தமிழ் எழுதினால் பல பதிப்புகளில் கொம்பும் காலும் இடம்மாறி விழும். எஸ்விஜி என்ற படக் கோப்பாகச் சேமிக்கும்போது எழுத்தைக் கோடாக்காமல் எழுத்தாகவே விடுங்கோ, பிரவுசர் ஒழுங்காகக் கோக்கும்.

யாழ் மாவட்டம், பெண்கள், ஒரு வயதுப் பிரிவு எண்டு நறுக்க நறுக்க நாட்குறிப்புகள் குறைஞ்சு கோடு பல்லுப்பல்லாய் நிக்கும். 30 நிமிடத் துண்டுக்கு மாறுங்கோ, எத்தனை பேரின் கணக்கு என்பதைப் படத்திலேயே போடுங்கோ. ஆய்வை நடத்துபவர்கள் இந்த 96 நிரல் வீதங்களை மாவட்டவாரியாக, சிறிய எண்ணிக்கைகளை மறைத்து, சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக வெளியிட்டாலே போதும். தனியாள் விபரம் ஒன்றும் அதில் வெளியில் போகாது.